விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் கல்யாணச் சாப்பாடு என்றால் உயிர். இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பது பெண்டாட்டியா வேறு யாராவதா என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட மனுஷன், செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்தில், சரியாகப் பாயசம் ஊற்றுகிற நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பந்திப் பாயிலேயே உருண்டார். பாயசத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த சமையல்காரர் கரண்டியோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். எதிர்வரிசையில் இருந்த நாலு பேர் தங்கள் பாயசத்தை மெதுவாக இலையோரம் தள்ளி வைத்தார்கள்.

செஞ்சிக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் உயில் சொல்லிக்கொண்டே வந்தார். "பையனுக்கு ஒரு நல்ல பொண்ணா பாத்து முடிச்சிடு. கருப்பு ஆட்ட மட்டும் வித்துடாத. அது செனையா இருக்குது." நான் அழுவதா அவர் வாயைப் பொத்துவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: கல்.

செஞ்சிப் பக்கத்து ஆளுக்குக் கல் என்ன புதிதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலை முழுக்கப் பாறை. அந்தக் காலத்து ராஜாக்கள் அதை வைத்து வெளியில் கோட்டை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் உள்ளேயே கட்ட ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லாம் எங்கள் ஊர்த் தண்ணீர் செய்கிற வேலை. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். குழாய் இருக்கிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது. அதில் துவரம்பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை கொதித்துவிட்டு, போட்டபடியே வெளியே வரும். டீ போட்டால் பால் திரிந்து போகும். சோப்பு நுரைக்காது. அண்டாவின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை ஏறிக் கிடக்கும். அண்டாவிலேயே இப்படி என்றால் ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. வயிற்றைக் கவிழ்த்துப் பார்க்க முடியாதல்லவா.

முதல் கல் தானாக வெளியே வந்தது. இரண்டாவது கல்லுக்கு வாழைத்தண்டு, ஊசி, ஒரு வார ஆஸ்பத்திரி. மூன்றாவது வந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப் பாதி வேலைதான் செய்கிறது, இன்னொன்றில் கல் அடைத்தால் தாங்காது, அப்புறம் வாழ்நாள் முழுக்க மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியதுதான் என்றார். "தண்ணி நெறைய குடிக்கணும். ஆனா நல்ல தண்ணியா குடிக்கணும்." இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நிறையக் குடித்தாலும் கல், குடிக்காவிட்டாலும் கல் என்கிற ஊரில் இருப்பது நாங்கள்தானே.

அன்றிலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கேன் தண்ணீர் வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, இறங்கி, இடுப்பில் வைத்து ஒரு கிலோமீட்டர் நடந்து கொண்டுவர ஆரம்பித்தேன். கண்டக்டருக்கும் எனக்கும் அது உட்காருகிற சீட்டு விஷயமாகத் தினம் சண்டை. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தால், என் வீட்டுக்காரர் அதைத் தொட மாட்டார். "நீ இடுப்பு ஒடியத் தூக்கினு வர்ற. நான் மடமடன்னு குடிக்கறதா?" என்பார். நான் அந்தப் பக்கம் போனதும் குழாய்த் தண்ணீரைக் குடிப்பார். கேன் தண்ணீரை, வீட்டுக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார். ஆடு வாங்க வந்த வியாபாரி ஒருவர் ஒரே மூச்சில் மூன்று சொம்பு குடித்துவிட்டு, ஆட்டை வாங்காமலே போனார்.

இவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'சௌக்கியம்' என்று சொல்லிவிடுவது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது, பார்க்க வந்தவர் கேட்கிறார், இவர் எழுந்து உட்கார்ந்து, "சௌக்கியம். நீ எப்டிக்கிற? சாப்டியா?" என்கிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தது இப்படி.

எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். பத்தாவது வரை படித்தவள் என்பதாலும், எதிர்த்துப் பேசுகிறவள் என்பதாலும் அந்தப் பதவி எனக்கு வந்தது. ஒருநாள் கூட்டத்துக்கு வந்த பேங்க் மேடம், சென்னையில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, நல்ல மனசுக்காரர்கள் கொடுக்கிற நன்கொடையில் ஏழை ஊர்களுக்குச் சுத்தத் தண்ணீர் மெஷின் வைத்துக் கொடுக்கிறார்கள், எழுதிப் போடுங்கள் என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். தீர்மான நோட்டில் எழுதி எழுதிப் பழகிய கை. துவரம்பருப்பில் ஆரம்பித்து என் வீட்டுக்காரரின் மூன்றாவது கல் வரை நாலு பக்கம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். டிரஸ்டிலிருந்து பேசுகிறாளாம், வெள்ளிக்கிழமை வந்து ஊரைப் பார்ப்பார்களாம். கடைசியில் சொன்னாள்: "நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ணாதீங்கம்மா. ஊர் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

இங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் வருகிறவர்கள் 'ஒண்ணும் வேணாம்' என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. நாமும் சரி என்று சும்மா இருந்துவிட்டால் அதைவிட அவமரியாதை கிடையாது. சம்பந்தி வீட்டார் 'ஒரு டீ போதும்' என்றால் கோழி அடிக்க வேண்டும் என்று அர்த்தம். 'ஒண்ணும் ஏற்பாடு பண்ணாதீங்க' என்று போன் போட்டே சொல்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய மனிதர்களாக இருக்க வேண்டும்! எங்கள் வார்டு உறுப்பினர் அன்றைக்கே வாழைமரத்துக்கும் மைக் செட்டுக்கும் சொல்லிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்குப் போய் ஒன்றுக்கு நாலாகக் கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். வருகிறவர்களுக்கு நம் உப்புத் தண்ணீரையா கொடுப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் தெருவைப் பார்த்தால் எங்கள் ஊர் என்றே நம்ப முடியவில்லை. புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடங்கள் வீட்டுக்கு வீடு வாசலில் மின்னின. தண்ணீர்க் கஷ்டத்தைப் பார்க்க வருகிறார்கள், குடத்தையாவது அழகாகப் பார்க்கட்டும் என்பது பெண்களின் எண்ணம். எல்லாரும் பட்டுப்புடவை. வாசலெல்லாம் சாணி தெளித்து, பெரிய பெரிய கோலம். இது போதாது என்று வார்டு உறுப்பினர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்திருந்த ஒருவருடைய வயல் கிணற்றிலிருந்து டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து, புழுதி அடங்க வேண்டும் என்று தெரு முழுக்கத் திறந்துவிட்டார். அதுவும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரியாதே, தண்ணீர்தானே தெரியும்.

தண்ணீர் இல்லை என்று நாலு பக்கம் எழுதிப் போட்ட ஊரின் நுழைவாயிலில், டிரஸ்ட் கார் சேற்றில் சிக்கிக்கொண்டது.

எட்டு ஆண்கள் தள்ளி, ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். தள்ளியவர்கள் கைதட்டிக்கொண்டார்கள். காரிலிருந்து ஒரு வயதான சாரும், கையில் டேப்லட் வைத்திருந்த ஒரு இளம்பெண்ணும் இறங்கினார்கள். போனில் பேசியவள் அவள்தான். சாருடைய வெள்ளைப் பேண்ட்டில் முழங்கால் வரை சேறு. உடனே மூன்று பெண்கள் மூன்று குடத்தோடு ஓடினார்கள். யார் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவது என்பதில் போட்டி. "போதும்மா, போதும்மா" என்று அவர் பின்னால் நகர நகர, "கூச்சப்படாதீங்க சார், எவ்ளோ வேணும்னாலும் இருக்குது" என்று ஒருத்தி ஊற்றிக்கொண்டே போனாள்.

வார்டு உறுப்பினர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் கையில் இருந்தால் ஊர்ப் பெருமை மட்டும்தான் வாயில் வரும். "செஞ்சிக் கோட்டை மேல இருக்கிற சுனை எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. எங்க ஊரும் அதே மாதிரிதான். வந்தவங்களுக்குத் தண்ணி இல்லன்னு எங்க ஊரு என்னிக்கும் சொன்னதே இல்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டிவிட்டது.

அந்த இளம்பெண் ஊர்ப் பெண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்து, "தண்ணிக்கு என்னென்ன கஷ்டம் இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டாள். குழாயடியில் குடும்ப மானத்தையே சந்திக்கு இழுக்கிற வாய்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வந்தவர்களிடம் ஒப்பாரி வைப்பது எப்படி? ஒருத்தி எழுந்து, "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல மேடம்" என்று கும்பிட்டாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய், பளபளக்கிற எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கேன் தண்ணீர். அந்தப் பெண் பாதி குடித்துவிட்டு, "நல்லாருக்கே" என்றாள். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து மீதித் தண்ணீரில் விட்டாள். அதில் இரண்டு இலக்கத்தில் ஒரு எண் எரிந்தது. ஜுரம் பார்க்கிற கருவி என்று நினைத்தேன். தண்ணீருக்கு எதற்கு ஜுரம் பார்க்கிறாள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இதுதானே நீங்க வீட்ல குடிக்கிற தண்ணி?"

ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்களுக்காகக் கடையில் வாங்கி வந்தேன், நாங்கள் குடிப்பது வேறு என்று எப்படிச் சொல்வது? வந்தவருக்கு வைத்ததைச் சொல்லிக் காட்டுகிற குடும்பமா எங்கள் குடும்பம்?

"ஆமா மேடம், இதான்" என்றேன்.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. என் வீட்டுக்காரர். ஒரு வாரமாக அவருக்கு மூன்றே மூன்று வரி சொல்லிக் கொடுத்திருந்தேன்: 'எனக்கு மூணு தபா கல்லு வந்துது சார். ஒரு கிட்னி பாதிதான் வேல செய்யுது சார். எங்க ஊருக்கு நல்ல தண்ணி வேணும் சார்.' அன்று காலைகூட ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே தப்பில்லாமல் ஒப்பித்தார். கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இங்கே அரை நாள்கூட இல்லை. பெரிய சாரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். சார் அவர் தோளில் கை போட்டு, "உடம்பெல்லாம் எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

"சௌக்கியம் சார்," என்றார் இவர். "நீங்க சாப்டீங்களா?"

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. அந்தப் பெண்தான். எங்கள் ஊர்த் தண்ணீர் மிகவும் நல்ல தரத்தில் இருக்கிறதாம். உண்மையிலேயே கஷ்டப்படுகிற வேறு ஊர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டியிருக்கிறதாம். வரவேற்புக்கு சார் நன்றி சொல்லச் சொன்னாராம்.

இதைக் கேட்டு ஊரில் முதலில் சந்தோஷப்பட்டார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? வார்டு உறுப்பினர், "சென்னைலேர்ந்து வந்து டெஸ்ட் பண்ணி, தரமான தண்ணின்னு சொல்லிட்டாங்க. ஒரு பிளெக்ஸ் வெச்சிடலாமா?" என்று என்னிடமே கேட்டார். அவரை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அப்புறம்தான் அந்தப் பேனாவின் விஷயம் என் மண்டையில் உறைத்தது. அவள் ஜுரம் பார்க்கவில்லை, உப்பைப் பார்த்திருக்கிறாள். செஞ்சிக் கடைக்காரனுடைய கேனைச் சோதித்து எங்கள் ஊருக்கு மார்க் போட்டிருக்கிறாள். அந்த மார்க்கை என் கையாலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரைச் சொல்வது? குரங்கு நான்தான்.

அன்று சமைக்கவில்லை. அவருடைய சிறுநீரகத்தை என் வாயால், 'ஆமா மேடம்' என்ற இரண்டு வார்த்தையால் தொலைத்துவிட்டேன் என்று அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உடு. வந்தவங்க மனசு குளுந்து போனாங்க இல்ல?" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

மறுநாள் நானே அந்த டிரஸ்ட் பெண்ணுக்குப் போன் போட்டேன். மானம் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன், டேங்கர், பட்டுப்புடவை, கேன் என்று ஒன்று விடாமல்.

"அன்னைக்கு ஏம்மா ஆமான்னு சொன்னீங்க?"

"வந்தவங்ககிட்ட எப்டி மேடம் சொல்றது?"

"நாங்க மெஷின் இல்லன்னு சொன்ன ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தான் ஒரு காரணம் சொல்றாங்க. இந்த மாசம் முடிஞ்சா லிஸ்டும் முடிஞ்சிடும். நான் அதுக்குள்ள ஒருநாள் வந்து பாக்கறேன். எப்பன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

இதை ஊரில் நான் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் ஊர் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்ததால்தானே போச்சு, இனி ஒரு சொட்டுகூடத் தெளிக்காதே என்று வார்டு உறுப்பினர் உத்தரவு போட்டார். பட்டுப்புடவைகள் பெட்டிக்குள் போயின, கிழிந்தவை வெளியே வந்தன. கிழியாத புடவை மட்டும் வைத்திருந்த ஒருத்தி பக்கத்து வீட்டில் கிழிந்ததை இரவல் வாங்கிக் கட்டினாள். வார்டு உறுப்பினர் தன் மோட்டார் பைக்கை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, மெயின் ரோடு வரை நடந்து போய் செஞ்சிக்குப் பஸ் ஏறினார். யாராவது வெளியூர்க்காரர் தெருவில் தலை காட்டினால் போதும், எல்லாரும் இருமினார்கள். சீட்டுப் பணம் வசூலிக்க வந்த ஆள் பயந்துபோய், ஊரில் ஏதோ பரவுகிறது என்று கிளம்பிவிட்டார்.

உச்சகட்டம் அடுத்த வாரம் நடந்தது. கார் எப்படியும் மெயின் ரோட்டிலிருந்துதான் திரும்ப வேண்டும், அங்கேயே கண்ணில் படட்டும் என்று சில பெண்கள் முப்பது நாற்பது காலிக் குடங்களைக் கொண்டுபோய் ரோட்டோரம் வரிசையாக அடுக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவலூர்பேட்டை பஸ் வந்தது. நம் ஊர்களில் ரோட்டில் காலிக் குடத்தைப் பார்த்தால் எந்த டிரைவருக்கும் ஒரே அர்த்தம்தான். மறியல்! யாரும் சொல்லாமலே பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிப் பீடி பற்ற வைத்துவிட்டார். பின்னால் ஒரு கரும்பு லாரி, அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். அரை மணியில் ஜீப்பில் போலீஸ் வந்துவிட்டது.

"என்ன கோரிக்கை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு கோரிக்கையும் இல்ல சார். சும்மா வெச்சிருக்கோம்."

"சும்மாவா? யாரு தலைமை?"

எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். நான் செயலாளர் ஆயிற்றே. கல்லிலிருந்து ஆரம்பித்து நடந்ததை எல்லாம் நடுரோட்டில் நின்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜீப்பிலிருந்து தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். குடங்களை எடுத்துக்கொண்டு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தோம். அதோடு ஊருக்கு அலுத்துவிட்டது. ஏழையாக நடிப்பதுகூட ஓய்வாக இருக்கிறவர்களால்தான் முடியும். மல்லாட்டை பிடுங்குகிற நேரம் வந்துவிட்டது. எல்லாரும் விடிந்ததும் வயலுக்குப் போனார்கள். டிரஸ்டைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

எனக்கு மட்டும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர், நான் பார்க்காத நேரத்தில் இடது இடுப்பில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறார் என்பதைக் கண்டுவிட்டேன். நல்லது என்று டாக்டர் சொன்ன பக்கம் அந்த இடது பக்கம்தான். "வலிக்குதா?" என்றால் "சௌக்கியமாத்தான் கீறேன்" என்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. பகலில் வயலில் குனிந்தால் பயம், பஸ்ஸில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றால் பயம். மாதத்துக்கு இன்னும் நாலு நாள்தான் பாக்கி என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவரைத் தனியாக விட மனசில்லை. அவர் வாசல் நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் பழைய நைட்டியில், தலையைக்கூட வாராமல், அண்டாவுக்குள் தலையை விட்டு வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. "அம்மா" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டு வெளியே வந்தால், அந்தப் பெண் நிற்கிறாள். கார் இல்லை, சார் இல்லை. பஸ்ஸில் வந்து, வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். முகம் சிவந்து, வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றாள்.

உள்ளே போனேன். கேன் மூலையில் இருந்தது, அதில் அடியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. என் கை தானாக அதன் பக்கம் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையைத் திருப்பிக் குழாய்த் தண்ணீர்க் குடத்துக்குக் கொண்டுபோக நான் பட்ட பாடு, அந்தக் கேன்களை எல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தபோதுகூடப் பட்டதில்லை. வெயிலில் நடந்து வந்த பிள்ளை. யார் பெற்ற பிள்ளையோ. அதற்குப் போய் இந்தத் தண்ணீரையா? இதை நாங்கள் குடிப்பதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. கொடுப்பதில் இருந்தது. ஒரு டம்ளர் மொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன்.

அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனாள். ஒரு மடக்குக்கூடப் போயிருக்காது. மடியில் இருந்த மல்லாட்டை அத்தனையும் வாசலில் சிதற, என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்மா! அதக் குடிக்காத, துப்பிடு! கல்லு வந்துடும். எனக்கு மூணு தபா வந்துது. உருண்டேன். உசுரு போயிடும் அந்த வலில. ஒரு கிட்னி போயிடுச்சு, இப்ப இந்தப் பக்கமும் பத்து நாளா வலிக்குது, இவகிட்ட சொல்லல. நீ சின்னப் பொண்ணு, உனக்கு வேணாம்!" பிறகு என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அறிவிருக்குதா உனக்கு? கேன்ல தண்ணி இருக்குது இல்ல? வந்த புள்ளைக்கு இதையா குடுப்ப?"

அவரே உள்ளே போய், கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அது அவருக்காக வைத்திருந்த தண்ணீர்.

அவள் குடித்தாள். பிறகு கீழே உட்கார்ந்து, நான் கொடுத்த டம்ளரில் அந்தப் பேனாவை விட்டாள். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போய் நாலு இலக்கத்தில் நின்றது. குடத்தில் விட்டாள், குழாயில் பிடித்து விட்டுப் பார்த்தாள், அதேதான். எல்லாவற்றையும் படம் எடுத்தாள், எழுதிக்கொண்டாள். அந்த எண்ணும் அந்தப் படமும்தான் இரண்டு மாதத்தில் எங்கள் ஊருக்கு மெஷினைக் கொண்டுவந்தன. அன்று மத்தியானமே அவரை ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவளும் கூட வந்தாள். இடது பக்கக் கல் சின்னதுதான், கரைத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சத்தம் போட்டு அழுதேன்.

ஆட்டோவில் போகும்போது அவள் அவரைக் கேட்டாள். "ஐயா, அன்னைக்கு எங்க சார் கேட்டாரே. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? ஏன் சௌக்கியம்னு சொன்னீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ குடிச்சது கேன் தண்ணிம்மா" என்றார்.